எரியாத திரி

லாங்டனில் ஏழாம் எண் சூளைக்கு
உள்சுவர் மாற்றும் நாள்.
டெஸ்மண்ட் கோல்க்ளஃப் முகமூடி மாட்டுகிறான்:
இரண்டு வடிகட்டி, தாடையை இறுக்கும் ரப்பர்.
அது சரியாகப் பதிய வேண்டுமென்று
பத்து வருடத் தாடியை மழித்துக்கொண்டவன்.
வெள்ளை உடுப்பின் மணிக்கட்டில்
நான்தான் டேப் சுற்றிவிட்டேன்.

செராமிக் போர்வை
பார்வைக்குப் பஞ்சுமெத்தை.
தொட்டவர்களுக்குத் தெரியும்,
அதன் அரிப்பு மூன்று நாள்
சட்டைக்குள் குடியிருக்கும்.
பெட்டியில் ஒட்டிய சீட்டில் ஒரு மனித உருவம்,
நெஞ்சுக்கு நடுவே நட்சத்திரமாய் ஒரு வெடிப்பு.
கீழே சின்ன எழுத்தில்:
மூச்சில் போகவிடாதே.

மதிய இடைவேளை. பின்கதவு.
பெய்கிறதா விட்டுவிட்டதா என்று
சொல்ல முடியாத மழை.
முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
சட்டைப்பையிலிருந்து அந்தப் பித்தளைக் குழலை எடுத்தான்.
தானே கம்பி சுற்றி
தானே திரி கோத்தது.

நாளுக்கு நாற்பது சிகரெட் பிடித்தவன்.
விட்டுப் பதினான்கு மாதம்.
அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.
இப்போதெல்லாம் மாடிப்படியில்
பாதியில் நின்று
ஜன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல் நடிப்பதில்லை.

"திரியை மாத்திட்டேன் லோர்னா.
பஞ்சு சும்மா சும்மா கருகுது.
இது எரியவே எரியாது,
ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும்."

ஆயிரத்து இருநூறு.
அந்த எண்ணைக் காலையில்தான் படித்திருந்தேன்,
பெட்டிமேல்,
நெஞ்சு வெடித்த அந்த மனிதனுக்குப் பக்கத்தில்.

கத்தரித்த துண்டு
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"ஈரமாத்தானே இருக்கு, எப்படிப் பறக்கும்?" என்றான்.
பறக்குமா? எனக்குத் தெரியாது.
தெரிந்தவர் யாரும் உண்டா என்பதும் தெரியாது.
நான் செங்கல் எண்ணுகிறவள்,
வேதியியல் படித்தவள் இல்லை.

ஆனால் டெஸ்,
நெருப்பென்று சொன்னால்தான் வாய் வேகாது.
நீ சொல்லவில்லை, உறிஞ்சுகிறாய்.

பஞ்சு கருகும். அதுதான் அதன் நல்ல குணம்.
சாறு வற்றிய மறுநொடி
நாக்கில் நின்று கூச்சல் போடும்.
தொண்டை அடைக்கும், கண்ணில் நீர் முட்டும்,
கையில் இருப்பதை வீசி எறிவாய்.
இது வற்றினாலும் வாய் திறக்காது.
செந்தழலாகச் சிவந்தபடி
நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் சொன்னேனா?
இல்லை.
"சான்ட்விச் காயுது" என்றேன்.

நாலு மணிக்குச் சூளைக்குள் விளக்கு போயிற்று.
தலைவிளக்கு ஒன்றுதான்.
அந்த ஒளிக்கோட்டில்
அவை நின்றன. விழவில்லை, போகவுமில்லை.
ஊசியிலும் மெல்லியதாய், எண்ணில் அடங்காமல்,
மினுங்கிக்கொண்டு.

டெஸ்மண்டின் கை தானாக உயர்ந்து
முகமூடியின் பட்டையைச் சரிபார்த்தது.
இன்னொரு கை
சட்டைப்பை இருக்கும் இடத்தை
உடுப்புக்கு மேலேயே தடவி
அங்கேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை
மருந்துக்கடைப் பஞ்சு ஒரு பொட்டலம் கொண்டுபோனேன்,
இரண்டு முறை கொதிக்கவைத்து உலர்த்தியது.
"இதுல என்ன வெளுப்பு போட்டானோ,
அது மட்டும் உனக்குத் தெரியுமா?" என்றான்.
தெரியாது என்றேன்.
இழுத்துப் பார்த்தான்.
"இஸ்திரி போட்ட சட்டையை நக்குற மாதிரி இருக்கு."
மறுபடி இழுத்தான்.

பிறகு பழைய திரியை
இடுக்கியால் குழலிலிருந்து உருவி,
கை முழுதும் நீட்டி, தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்து,
குப்பைக்கூடையைத் தாண்டிப் போய்
சிவப்பு டேப் ஒட்டிய கழிவுப் பைக்குள் போட்டான்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அதற்கு
முகமூடி மாட்டிக்கொண்டு.