உலர்ந்த கரண்டி

டப்பாவில் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம்:
குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.
வோர்ம்சித் தீவில் குளிருக்குப் பஞ்சமில்லை.
உலர்ந்த இடத்துக்குத்தான்
வீடெல்லாம் அலைந்தேன்.

ஜன்னலோரம் கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அடுப்பின் மேல் சூப்பு ஆவி விடும்.
நிலவறைச் சுவர் இலையுதிர் காலம் முழுக்க வியர்க்கும்.
கடைசியில் துணி அலமாரியில்,
கம்பளிச் சாக்ஸுகளுக்கு நடுவே
குடியேறியது ட்ரீனுவின் மாவு.

மாவென்றால் ரொட்டி மாவல்ல.
மீனில், பாலில், முட்டையில் உள்ள ஏதோ ஒன்றை
உடைக்கத் தெரியாமல் சேர்த்துவைக்கும் அவள் உடம்பு.
சேர்ந்தது தலைக்கேறும்.
அந்த ஒன்றை மட்டும் விலக்கி
மீதி அமினோ அமிலங்களைப் பொடியாக்கி
அடைத்து அனுப்புகிறார்கள்.
நாளுக்கு மூன்று வேளை.
ஏழு வயதுக்குள் ஏழாயிரம் கோப்பையாவது குடித்திருப்பாள்.
நனைந்த அட்டைப்பெட்டியில் கிடந்த உருளைக்கிழங்கின் வாசனை.
அவள் மூக்கைப் பிடிப்பதில்லை.
நான் பிடிக்கிறேன்.

சட்டங்களெல்லாம் அவளுடையவை.
கரண்டி உலர்ந்திருக்கணும், கையும்.
தலையைத் தட்டிச் சமன் செய், அமுக்காதே.
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பேசாதே அப்பா.
பொடி பறக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்.
வெந்நீர் கூடாது.
கலக்கி மிஞ்சியது நாளைக்கு இல்லை, தொட்டிக்கு.
திறந்த தேதியை மூடியில் அவளே எழுதுவாள்,
ஏழை மட்டும் திருப்பிப் போட்டு.

பிப்ரவரியில் அலமாரிக்கு வண்ணம் அடித்தேன்.
இரண்டே நாள்தானே என்று
இருந்த ஒரே டப்பாவை
சவுனா அறையின் பின்சுவர்த் தட்டில் வைத்தேன்.
மூடியை அழுத்தினேனா?
அழுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.
சனிக்கிழமை சவுனா மூட்டினோம்.
பக்கத்து வீட்டு ஆர்வி வந்தான், பியர் வந்தது,
கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்
நல்ல மனுஷன்.

ஞாயிறு காலை கரண்டி உள்ளே இறங்கவில்லை.
பழைய பனிபோல் இறுகி,
ஓரத்தில் மஞ்சள்.
உடைத்துச் சலித்தால் ஆகாதா? யாருக்குத் தெரியப்போகிறது?
ட்ரீனு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று
என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.
அவள் அம்மா ஃபின்லாந்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கியிருப்பாள்.
எழுப்பவில்லை.

ஹாப்சாலு மருந்தகத்தில் மாரெத் சொன்னாள்:
ஈரம் புகுந்துவிட்டால் அளவு நிற்காது.
கூடவே என்ன புகுந்ததென்றும் சொல்ல முடியாது.
கொட்டிவிடு உர்மோ. இங்கே இரண்டு இருக்கிறது.

இங்கே என்றால்
கடலுக்கு அந்தப் பக்கம்.
படகு நின்று ஒன்பது நாள்.
பனிப்பாதை திறந்து ஒரு நாள்.

கரையில் ஆரஞ்சு ஜாக்கெட்காரன் கையை நீட்டினான்:
பெல்ட்டைக் கழற்று. கதவைப் பூட்டாதே.
இருபத்தைந்துக்குக் கீழே போ, அல்லது நாற்பதுக்கு மேலே;
இடையில் போனால் பனி அலையடிக்கும்.
நடுவில் நிற்காதே, என்ன ஆனாலும்.
வாழ்நாளெல்லாம் மகளுக்கு பெல்ட் மாட்டிய கை
மடியில் கிடந்தது, வேலையில்லாமல்.

திரும்பும்போது பக்கத்து இருக்கையில் இரண்டு டப்பாக்கள்.
ஒன்றையாவது ஜாக்கெட்டுக்குள் செருகினேன்,
வண்டி போனாலும் இது என்னோடு இருக்கட்டும் என்று.
வண்டி போனால் நான் எங்கே?
தவிர, உடம்பெல்லாம் வியர்வை.
எடுத்து மறுபடி இருக்கையில் வைத்து
சால்வையைச் சுற்றினேன்.
கீழே எங்கோ ஒரு சத்தம்,
பெரிய கண்ணாடியில் நகம் இழுத்தது போல.
முள் நாற்பத்திரண்டில் இருந்தது.
அங்கேயே இருந்தது.

ஆர்வி அவளோடு வாசலில் நின்றான், பேசாமல்.
ட்ரீனு முத்திரையைச் சுற்றிலும் தடவினாள்.
காதருகே வைத்துக் குலுக்கினாள்.
உள்ளே பொடி
சரசரவென்று புரண்டது.
சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு
கரண்டிக்காக நீண்ட என் கையைப்
பிடித்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

ஈரம் அப்பா என்றாள்.
துண்டை நீட்டினாள்.