முப்பத்தொன்றாம் குறிப்பு

வகுப்புப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம்.
லௌதாரோ ஓயார்சோவின் பக்கம் நிறைந்துபோய்
ஒட்டுத்தாள் ஒன்று தொங்குகிறது.
எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் சிவப்பு.

மார்ச் 11. மேசையில் தாளம் போட்டான்.
மார்ச் 14. பின்னம் என்றால் என்ன என்று கேட்டதற்கு
"உடைஞ்சது டீச்சர், நீங்கதான் ஒட்டணும்" என்றான்.
வகுப்பே உருண்டது.
வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.
ஏப்ரல் 2. கடல்நாய் போலக் குரைத்தான்.
அதே நாள். குரைக்கவேயில்லை என்று சாதித்தான்.
ஏப்ரல் 19. வெளியே நிறுத்தினேன்.
கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நின்று
பாடம் நடத்தினான்,
என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி,
என்னைப் போலவே இல்லாத சுண்ணக்கட்டியை உடைத்து.

"கயிற்றை இறுக்கு, மிர்தா"
என்பார் இன்ஸ்பெக்டர் வுகாசொவிச்.
புந்தா அரேனாசில் கயிறு என்றால் எல்லாருக்கும் தெரியும்.
காற்று மணிக்கு நூற்றுப்பத்தைத் தொடும் நாட்களில்
தெருமுனைகளில் கட்டிவைப்பார்கள்,
ஆட்கள் அடித்துப்போகப்படாமல் பிடித்துக்கொள்ள.

இறுக்கித்தான் பார்த்தேன்.
முன்பெஞ்சு. தனி மேசை.
அவன் அம்மாவுக்கு மூன்று முறை போன்.
நண்டுத் தொழிற்சாலையில், ஈரக் கையுறையோடு,
"சொல்லுங்க, சீக்கிரம்" என்பாள்.
நான் சொல்லி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும்.

பயிற்சி முகாமில் சொன்னபடி
சும்மாவும் நின்று பார்த்தேன்:
கத்தாதே, பத்து வரை எண்ணு, அவர்களாக அடங்குவார்கள்.
மனசுக்குள் ஏழு என்றபோது
அவன் உரக்க "எட்டு" என்றான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை.
சன்னல் சட்டங்கள் பல்லை நறநறத்துக்கொண்டிருந்தன.
குனிந்த தலை நிமிராமல் வருகை எடுக்கிறேன்.
மான்சியா, யரிட்சா.
கை தானாக டிக் போட்டது.

"டீச்சர்."
"வாயை மூடு, லௌதாரோ."
"டீச்சர், அவ..."
"இன்னொரு வார்த்தை, வெளியே போயிடுவே."

எழுந்தான். தானே போய்க் கதவைத் திறந்தான்.
தாளம் இல்லை, குரைப்பு இல்லை,
போகிற போக்கில் ஒரு வாக்கியம்:
"அவ வந்து ஒன்பது நாளாச்சு."

மூன்றாம் வரிசை, சுவரோரம்.
நாற்காலி மேசைக்கு அடியில் ஒழுங்காகச் செருகியிருந்தது.
ஒன்பது டிக்குகள், நீல மையில், என் கை போட்டவை.

அவள் பக்கத்தைத் தேடினேன்.
ஆமாம், தேடத்தான் வேண்டியிருந்தது.
ஒரு வரி இல்லை.
எட்டு மாதமாக எனக்கு ஒரு தொல்லையும் தராத பிள்ளை.
அவள் குரலை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.
நோட்டுதான் வந்தது:
ஓரக்கோடு நேராக இழுத்து
தேதி மட்டும் எழுதி
மீதி வெறுமையாக விட்ட பக்கங்கள்.
அவற்றின் கீழும் "பார்த்தேன்" என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நடைவழிக்குப் போனேன்.
கண்ணாடிக்கு அப்பால் நின்றிருந்தான்,
இம்முறை யாரையும் நடிக்காமல்.
"வீடு தெரியுமா?"
"மேட்டு மேல. பச்சைத் தகரம். தம்பியை அவதான் பாத்துக்கறா."
"உனக்கு எப்படித் தெரியும்?"
"கேட்டேன்."

அக்டோபர் 8. வருகை எடுக்கும்போது குறுக்கே பேசினான்.
முப்பத்தொன்று.
சிவப்பில் எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
யார் பக்கத்தில் எழுதுவது இதை?
ஆசிரியைக்கென்று அந்தப் பதிவேட்டில் தாள் இல்லை.

நாளைக்கு மறுபடி குரைப்பான். தெரியும்.
நானும் கத்துவேன்.

பள்ளி விட்டதும் மேடேறினோம்.
முனையில் காற்று என் வாய்க்குள் புகுந்து
கேட்க வைத்திருந்த கேள்விகளை அடைத்தது.
கயிற்றைப் பற்றினேன்.
நான்கடி முன்னால் அவனும் பற்றியிருந்தான்.
திரும்பிப் பார்க்கவில்லை.
விரல்கள் சும்மா இருக்கவில்லை.
மார்ச்சிலிருந்து நான் நிறுத்தச் சொன்ன அதே தாளம்
கயிறு வழியே வந்து
என் உள்ளங்கையில் அடித்தது.