குறிப்புக்கு நாற்பது எழுத்து

புதன்கிழமை. கோத்தகிரி மார்க்கெட்டில்
மூடுபனி கடைக்குள்ளேயே வந்து நிற்கிறது,
விலை கேட்காமல்.
நான் கேட்கிறேன். அதுதான் வேலை.
ஒப்பந்தம் பதினோரு மாதம்,
டேப்லெட் அரசாங்கத்துடையது, குடை என்னுடையது.

புழுங்கல் அரிசி, நடுத்தரம், ஒரு கிலோ.
துவரம்பருப்பு, உடைத்தது, ஒரு கிலோ.
ஆண்களுக்கு முடிவெட்டல், ஷாம்பு இல்லாமல்.
இதே பட்டியலோடு இந்நேரம்
நைரோபியில் ஒருவன் கடைப்படி ஏறிக்கொண்டிருப்பான்.

சவரிமுத்து கத்தரியை நிறுத்தவில்லை.
"நூத்தி இருபது, எழுதிக்குங்க.
எழுதி எங்க அனுப்பறீங்க?"

சொன்னேன். உலகத்து விலையெல்லாம் ஒரே தராசில் ஏறும்.
டாலருக்கு வங்கி என்ன தருகிறது என்பதை விட்டுவிட்டு
ஒரு தலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.
வாங்கும் திறன் என்று பேர்.
அப்படிப் பார்த்தால் நம் ரூபாய்க்கு நாலு மடங்கு தெம்பு.

நாற்காலியில் போஜன், பாதி மீசையோடு, சிரித்தார்.
சவரிமுத்து சிரிக்கவில்லை.
"அப்ப நான் நாலு பங்கு பணக்காரன்.
மீதி மூணு பங்க எந்தக் கவுண்டர்ல வாங்கறது?"

மிஷினைத் தூக்கிக் காட்டினார். ஜெர்மன் பிளேடு.
"இதுகிட்டச் சொல்லிப் பாருங்க உங்க தராச.
டாலர் ஏறுன அன்னிக்கே இது ஏறிடுச்சு."
மகள் ரெஜினா அயர்லாந்தில் நர்ஸ்.
அங்கே ஒரு தலைக்கு முப்பது யூரோ;
அறைத்தோழிகளுக்கு அவளே வெட்டிவிடுகிறாளாம்,
இங்கிருந்து போன கத்தரியில்.
ஏஜென்சிக்குக் கட்டியதெல்லாம் வங்கி ரேட்டில்.
அந்த மேசையில் தெம்பு செல்லாது.

அச்சுதன் கடையில் எனக்கு முன்னால் புதனி முண்டா.
தேயிலைக் கறை ஏறிய விரல்
மைசூர்ப் பருப்பைக் காட்டுகிறது. அரைக் கிலோ.
"துவரை நல்லாத்தானே இருக்கு?" என்றேன்,
எனக்கு வேண்டியது துவரையின் விலை என்பதால்.
"வேகல தீதி. கேஸ் போகுது."
கும்லாவில் இதே பருப்பு, இதே பாத்திரம்,
இப்படிக் குழையும் என்று
விரல்களைக் காற்றில் குழைத்தாள்.

கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி.
இங்கே தண்ணீர் தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும்,
அவசரக்காரன் மாதிரி, உள்ளே சூடு இல்லாமல்.
மூடி ஆடும், ஆவி பறக்கும்,
பருப்பு கூழாங்கல்லாய் அடியில் கிடக்கும்.

அங்கே கூலி இருநூற்றைம்பது, இங்கே நானூற்றுச் சொச்சம்.
நடுவில் இருப்பதை ஊருக்கு அனுப்பலாம் என்று
கணக்குப் போட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறாள்.
ஸ்வெட்டர் இரண்டு. ரப்பர் பூட்ஸ்.
மகனுக்குக் குல்லா. அட்டைக்கு மூக்குப்பொடி.
குக்கர் அடுத்த மாதம், போன மாதமும் அடுத்த மாதம்தான்.
ரயிலில் போட்ட கணக்கில்
குளிர் சேரவில்லை.

துவரம்பருப்பு, ஒரு கிலோ: நூற்று அறுபத்தெட்டு.
மேட்டுப்பாளையத்தை விட இரண்டே ரூபாய் கூட.
திரை பச்சையானது. 'ஒப்பிடத்தக்கது.'

கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். நாற்பது எழுத்து.
தாராளம்தான். ஆனால் இதைச் செய்தவனுக்கு
புள்ளி ஓர் எழுத்து, கொம்பு ஓர் எழுத்து,
சுழி ஓர் எழுத்து, வெற்றிடமும் ஓர் எழுத்து.
நாற்பது கொடுத்தால்
நம் பக்கம் இருபதுக்குத்தான் சரக்கு வரும்.

கடை வாசலில், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
அடித்தேன்:

தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் பருப்பு வேக

அதற்கு மேல் விரல் அழுத்தியும் நகரவில்லை.
அனுப்பு என்றது. அனுப்பினேன்.
அடுத்த வரிசை வந்து நின்றது:
முட்டை, வெள்ளை, பன்னிரண்டு.