பொருந்துவது எதுவுமில்லை

மணி இரண்டே கால். பகாவ் ஆலையின் எடைமேடை அலுவலகம்.
வெளியே ஏழு லோரிகள் செம்பனைக் குலைகளோடு
வரிசையில் நின்று புகைகின்றன.
எனக்கு வேண்டியது ஒரே ஒரு முகவரி.
மூடிப்போன மூன்றாம் பிரிவு ஆட்களுக்கு
நிலுவைப் பணம் வந்திருக்கிறது.
ஐந்து மணிக்குள் கடிதம் போகாவிட்டால்
பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

தனபாக்கியம். வெள்ளையன் மகள்.
பதினெட்டு வருடம் உரம் போட்டவர்.
மகனுடைய மின்னஞ்சலைத் தன்னுடையதாகக் கொடுத்திருந்தார்.
எனக்கு முன்பு இங்கே இருந்த லியூ
அடையாளக் கார்டைப் பார்த்துப் பதிந்துவைத்ததாகச் சொன்னார்.

தேடல் பெட்டியில் தட்டினேன்.
பொருந்துவது எதுவுமில்லை.
மறுபடி தட்டினேன், இந்த முறை மெதுவாக,
காது மந்தமானவரிடம் சொல்வதுபோல.
எதுவுமில்லை.

ஷா ஆலமிலிருந்து ஹஃபிசுல் போனில் வந்தான்.
பாதி மலாய், பாதி பொறுமை.
எந்தப் புத்தகத்தில் தேடுகிறது பாருங்கள் காக், என்றான்.
பார்த்தேன். தலைமையகத்துப் புத்தகத்தில்
தேடிக்கொண்டிருந்தது அது இத்தனை நேரமும்.
அதில் மேலாளர்கள் இருந்தார்கள்.
மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்குக்கூட
ஒரு முகவரி இருந்தது.
உரம் போட்டவர்கள் இல்லை.

புத்தகத்தை மாற்றினேன். எதுவுமில்லை.
அப்படியென்றால் அட்டவணை கெட்டிருக்கும்,
அழித்துவிட்டுத் திரும்பக் கட்டணும்.
பொத்தானை அமுக்கினேன்.
இன்னும் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள்.
மழை பிடித்தது.
நாலாயிரம்.
ஒரு லோரி மேடையேறி இறங்கியது,
பதினோரு டன், சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
மூவாயிரத்து எழுநூறு.
டிரைவர் சிவநேசன் ஜன்னலில் தலையை விட்டு
என்னக்கா, படம் பார்க்கிறீங்களா, என்றான்.
ஆமாம். ஓர் எண் குறையும் படம்.
அது பூஜ்யமானதும் தட்டினேன்.
எதுவுமில்லை.

ஹஃபிசுல் யோசித்த நேரத்தில்
மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.
சொல்லின் தலையைத்தான் பார்க்கும் காக்,
வாலைப் பிடித்துத் தேடாது.
தொடக்க எழுத்தெல்லாம் சரிதானா?

தமிழில் அது ஒரே த.
ரோமனுக்குப் போனால் மூன்று வாசல்:
ஒரு டி, இன்னொரு டி, ஹெச் ஒட்டிய டி.
அந்த முதல் இரண்டு டிக்கும் உள்ள வேறுபாட்டை
இந்த வரியில் எழுதக்கூட முடியாது.
எந்தக் கிராணி எந்த வாசலில்
அவரை நிறுத்திவிட்டுப் போனாரோ.
மூன்றையும் தட்டிப் பார்த்தாயிற்று.

பிறகுதான் கை தானாகப் போனது.
கார்டில் மகள் என்பதற்கு எழுதுவார்களே,
ஏ, ஒரு சாய்கோடு, பி.
அதை மட்டும் தட்டினேன்.

இருநூற்றுப் பதின்மூன்று மகள்கள் வந்தார்கள்.
அப்பா பெயரைப் பின்னால் கட்டிக்கொண்டு
திரை முழுக்க நின்றார்கள்.
லெட்சுமிகள் மட்டும் பத்தொன்பது, பதினோரு விதமாக.
சிலருக்கு முகவரிக் கட்டம் காலி.
ஒருத்தியை எனக்குத் தெரியும், போன வருடம் தவறிவிட்டார்,
அவர் பக்கத்திலும் பச்சையாக ஒரு பென்சில் குறி,
திருத்தலாம் என்று.

நூற்று எழுபத்தாறாவது ஆள்.
தனத்தின் த-வுக்குக் கீழே
யாரோ ஓர் உகரத்தை முளைக்கவைத்திருந்தார்கள்.
துன்னபாக்கியம்.
வெள்ளையன் அங்கே வெல்லையன்.

நாலு முப்பத்தெட்டுக்குக் கடிதம் போனது.
சியாப் கா, என்றான் ஹஃபிசுல். சுடா, என்றேன்.
வைப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொண்டேன்:
செல்லப்பெயர்க் கட்டத்தில் எதை எழுதினாலும்
தேடல் அதையும் பார்க்குமாம்.
எழுதினேன், எனக்குத் தெரிந்த எல்லா தனபாக்கியத்தையும்,
ஹெச்சோடும் ஹெச் இல்லாமலும்,
கட்டம் போதும் என்று சொல்லும்வரை.
இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பாக்கி.
வெளியே லோரி ஹார்ன் அடிக்கிறது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மகனிடமிருந்து பதில்:
அக்கா, கடிதம் வந்துச்சு, நன்றி.
அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்.
பணம் சரிதானாம்.
ஆனா கேக்குறாங்க,
யாரு இந்தத் துன்னபாக்கியம்னு.