மறுகால்

ஏரி நிரம்பினால்தான் இங்கே ஓடை.
பவாய்க் கலிங்கின் மேல் ஜூலையில் ஏதோ ஒரு ராத்திரி
தண்ணீர் தயங்கி, எட்டிப் பார்த்து, விழும்.
விழுந்த இடத்திலிருந்து
முதல் சாக்கடைக் குழாய் வாய் திறக்கும் இடம் வரை
என் காலடியில் நூற்றுப் பதினொன்று.
அவ்வளவுதான் என் நதி.

வாரம் முழுக்க இதே தண்ணீரைப்
பழுப்புக் குப்பிகளில் அடைத்து
இருபது டிகிரியில், இருட்டில், ஐந்து நாள் வைத்து
எத்தனை மூச்சு மிச்சம் என்று எழுதுவது என் வேலை.
கலிங்கடியில் ஆறு.
குழாய்க்கு அப்பால் இரண்டு.
சாக்கிநாக்காப் பாலத்தடியில் கருவி பேசாது,
கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.
விழும்போது காற்றைக் குடிக்கிறது தண்ணீர்.
குடித்த தைரியம் கொஞ்ச தூரம்தான்.

ஞாயிறானால் தூண்டில்.
புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது.
பொய்ப்பூச்சி:
கறிக்கடைச் சேவலின் கழுத்து இறகு,
கிழிந்த ரவிக்கையின் பச்சை நூல்,
முள் தேய்த்த பன்னிரண்டாம் நம்பர் கொக்கி.
கம்பு பின்னால் போனதும்
கயிறு முழுக்க நீண்டு முடியும் வரை
ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்.
அந்த ஒன்றும் செய்யாமைக்கு
எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.
முதலாவதில் நான் பிடித்ததெல்லாம்
சுபாபுல் மரம்.

பழுப்பு ட்ரவுட்டைத் திரையில் மட்டும் பார்த்திருக்கிறேன்.
சிவப்புப் பொட்டு, அதைச் சுற்றி வெளிர்நீல வளையம்,
யாரோ வேலையற்ற கடவுள் உட்கார்ந்து வரைந்த மாதிரி.
இங்கே ஜிலேபிக் கெண்டை.
பெயரிலேயே பலகாரம்.
குணத்தில் மின்சார ரயில் கூட்டம்,
இடித்துக்கொண்டுதான் ஏறும்.

ஆகஸ்டில் ஒருவன் ஏறினான். பெரியவன்.
கயிறு நுரைக்குள் இறங்கி ஒரு பாட்டுப் பாடி
அறுந்தது.
பச்சை நூல் பூச்சியோடு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கோண்டிராம் வந்து
உள்ளங்கையை விரித்தார்.
குழாய்க்கு மேலே வலை வீசுகிறவர்.
"உன்னுடையதுதானே, தாயி?"
அவர் மொழியில் அது அக்கா.
என் காதில் எப்போதும் அம்மாவாகத்தான் விழுகிறது.

"மீன்?"
"மூணு பேர் சாப்பிட்டோம்."

என் அறிக்கையின் நாலாவது பத்தி நாக்கு நுனி வரை வந்தது.
அதற்குள் அவரே,
"தெரியும். மண்ணெண்ணெய் வாடை வந்தா போட்டுடுவேன்.
நீ ஒவ்வொண்ணா முத்தம் கொடுக்காத குறையா விடறியே,
அது எங்கே போகும்?
மேலே ஏற முடியாது. கீழே குழாய்.
மழை நின்னா?"

பதில் சொல்லும் கேள்வி அல்ல அது.
எனக்குச் சம்பளமே அந்தப் பதிலுக்குத்தான்.

அன்றைக்கு ஒன்று கிடைத்தது, கை நீளம்கூட இல்லை.
மாதிரி எடுக்கும் வாளியில் போட்டுக்கொண்டு
படியேறினேன், முழங்கால் வரை நனைந்து,
'முதலைகள் உள்ளன' என்ற பலகையைத் தாண்டி.
கீழேயிருந்து கோண்டிராம்,
"முதலைக்கு டிபனா?" என்று சிரித்தார்.
கவிழ்த்தேன்.
ஏரி எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
மீன் ஒரு நொடி நின்றது,
எந்தப் பக்கம் என்று கேட்கிறாற்போல்,
பிறகு இல்லை.

வீட்டில் பூச்சியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
பச்சை நூலில் மஞ்சள் ஏறியிருந்தது.
அவர் அடுக்களை வரை போய்விட்டு வந்திருக்கிறது,
நான் போகாத இடம்.
மாற்றிக் கட்டவில்லை.
அடுத்த ஞாயிறு அதையே வீசினேன்,
நுரை ஓரமாக, இறகு மடங்காமல்,
என் வாழ்நாளின் சுத்தமான வீச்சு.

ஒன்றும் கடிக்கவில்லை.