கவைக்கு உதவியது

கவைக்கு உதவாதவன் என்று
கெம்பம்மாவின் அப்பா என்னைச் சொன்னார்,
அஞ்செட்டி சந்தையில், பத்துப் பேர் காதில் விழ.
அவருக்கென்ன தெரியும்.
கவையைப் பற்றி என்னைவிட அறிந்தவன்
உரிகத்துக் காட்டில் அன்று கிடையாது.

நாட்டுத் துப்பாக்கி முனைக் கனம்.
ஏழு மூச்சு வரை கையில் நிற்கும்.
எட்டாவதில் ஒரு மான் இரண்டு மானாகும்,
இரண்டுக்கும் நடுவே சுடுவோம்.
அதனால்தான் அதற்குக் கீழே ஏதாவது வேண்டும்.

முதலில் பாறைமேல் வைத்தேன்.
டீக்கடையில் டம்ளரை வைக்கும் அளவுக்குத்தான் சத்தம்.
நிமிர்ந்து பார்த்தால்
புல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.
இன்னொரு தரம் சத்தமில்லாமல் வைத்துச் சுட்டேன்.
கல்மேல் குழாய் துள்ளும்;
குண்டு ஆச்சாமரத்தின் உச்சிக்குப் போனது.

புற்று நல்ல தாங்கல். மெத்தென்று இருக்கும்.
ஆனால் நாம் போகும் இடத்துக்குப் புற்று வராது,
உள்ளே இருப்பவர் வந்தாலும் வருவார்.

புட்டனின் தோளிலும் ஒருமுறை வைத்தேன்.
அவனாகத்தான் கொடுத்தான்.
இன்றும் இடப்பக்கம் நின்று பேசினால்
“ஆங்?” என்கிறான்.

அப்புறம்தான் மரம் தேட ஆரம்பித்தேன்.
மூங்கில் இலேசு, காற்றில் முனகும்.
புங்கன் சொன்ன பேச்சுக்கெல்லாம் வளையும்.
வெப்பாலையைச் சீவினால் வெள்ளை,
நிலா வெளிச்சத்தில் எலும்பை நட்டுவைத்தது போல
மானுக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடும்.

தடசு.
கோடரிக் காம்புக்கு வெட்டுவார்களே, அது.
பங்குனியில் இலை கொட்டியபின் போனால்
கிளைகள் எல்லாம் கணக்காகத் தெரியும்.
பீடி பிடிக்கும் இரண்டு விரலின் விரிவு போதும் கவைக்கு.
உயரம், முட்டி போட்டு உட்கார்ந்தால்
மோவாய்க்கு ஒரு விரல் கீழே.
அடிமுனையைக் கூராக்காதே,
ஈர மண்ணில் இறங்கிக்கொண்டே போகும்,
குறி மானின் குளம்புக்கு வந்து நிற்கும்.
(மூன்று கார்த்திகை இதில் போயிற்று.)

கவையின் மடியில் சுற்ற
கெம்பம்மாவின் பழஞ்சீலைக் கிழிசல்.
சோப்பு வாசனை போக
ஒரு வாரம் சாணிக்குழியில் கிடந்தது.
எதற்கென்று அவள் கேட்கவில்லை,
மீதிச் சீலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆடாத கவையில் ஒரு கஷ்டம் உண்டு,
அதை யாரும் சொல்லித் தரவில்லை.
நிறைய நேரம் பார்க்கலாம்.
குட்டைக்கு வந்தது ஒரு பெட்டைப் புள்ளிமான்.
காதோரம் கிழிசல், அதன் அடியில் நான்கு உண்ணி.
தண்ணீரில் வாய் வைக்கும்; எடுக்கும்;
தாடையிலிருந்து சொட்டுவதைக் கேட்கும்.
குழாய் அசையவில்லை. நானும்.
பீடி இரண்டு தீரும் நேரம் இருக்கும்.

சுட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.
மாமனார் இரண்டு பங்கு தின்றார்,
அந்த வார்த்தையை அதன்பின் சொல்லவில்லை.

பிறகொரு நாள் ஜீப்பில் மைக் கட்டி வந்தார்கள்.
ஊர்ப் பொதுவில் வைத்துவிடுங்கள்,
பெயர் கேட்க மாட்டோம், வழக்கு இல்லை என்று.
இரவோடு இரவாகப் பள்ளிக்கூடச் சுவரில்
என்னுடையதையும் சாய்த்தேன்.
விடியும்போது பதினொன்று நின்றன,
மணி அடிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி.
கார்டு எண்ணினார், எழுதினார், ஏற்றினார்.
கவைக்கோலை யாரும் கேட்கவில்லை.
அதை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

இந்த வருடம் கொல்லையில் செந்தூரா
கிளை தரையைத் தொடக் காய்த்தது.
முட்டுக்கொடுக்கத் தேடினால் அதுதான் கிடைத்தது.
சீலைக் கிழிசலோடு அப்படியே நட்டேன்.
கிளையும் அசையவில்லை.

இரவில் மான்கள் வருகின்றன.
எட்டியதைக் கடித்துப் பாதி துப்பிவிட்டு
அடுத்ததைக் கடிக்கின்றன.
கைதட்டினால் நிமிர்ந்து பார்க்கின்றன, அவ்வளவுதான்.

“அந்தக் கோலை உருவி வெரட்டேன்,
மரமாட்டம் நிக்கிற” என்கிறாள் கெம்பம்மா.

உருவினால் கிளை முறியும்.
முப்பது கிலோவாவது இருக்கும்.