இடமரை

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
செருப்புக் குவியலுக்கும் மிக்ஸி ஜார்களுக்கும் நடுவே
ஒரு பக்க மூடி கழன்று உட்கார்ந்திருந்தது.
ஓடுமா என்றேன்.
"ஓடுச்சு" என்றார் மொய்தீன் பாய்.
இறந்தகாலத்துக்கு எண்ணூறு கேட்டார்,
அறுநூற்றைம்பதுக்குப் படிந்தது.

ஸ்கூட்டர் கால்பலகையில் வைத்து
முழங்கால்களை அகட்டிக்கொண்டு
முத்தியால்பேட்டைவரை வந்தேன்.
வேகத்தடைதோறும்
எனக்கு அடியில் யாரோ பல்லைக் கடித்தார்கள்.

கிரைண்டர் வாங்கியிருக்கேன் என்றதும்
மாடி வீட்டு விக்டோரின் கேட்டாள்:
"எத்தனை லிட்டர்? டில்டிங்கா?"
அரைக் குதிரை என்றேன்.
அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சுரண்டச் சுரண்ட நிறங்கள்.
மேலே ஆஸ்பத்திரிப் பச்சை,
கீழே சாம்பல்,
அதற்கும் கீழே செங்காவி.
கடல்காற்று தின்றது போகப் பெயர்த்தகட்டில்
மிஞ்சியது ஓர் எண்: 2850.
நிமிடத்துக்கு அத்தனை சுற்று.
யார் செய்தது, எந்த ஊர்,
அந்தப் பாதி முழுக்க உப்பு.

வலப்பக்க நட்டு
ஒரு ராத்திரி டீசலில் ஊறி
காலையில் முனகாமல் வந்துவிட்டது.
இடப்பக்கம் வரவில்லை.
மூன்று நாள்.
கோர்ட்டிலிருந்து வந்து
புடவைகூட மாற்றாமல் ஸ்பானரைப் பிடித்தேன்.
பிடிக்கு நீளம் போதாதென்று
பம்புக் குழாயை அறுத்துச் செருகினேன்.
திருப்புளியை உளியாக்கி அடித்ததில்
திருப்புளிக்குத்தான் மூக்கு போயிற்று.
எண்ணெய், மெழுகுவர்த்திச் சூடு, கெட்ட வார்த்தை
எல்லாம் ஒரே திசையில்.

நான்காம் நாள் கரண்ட் போன நேரம்
செல்போன் வெளிச்சத்தில் மரையைப் பார்த்தேன்.
மறுபக்கம் சாய்ந்து ஏறியிருந்தது.
கல் சுழலும் வேகத்தில் நட்டு கழன்றுவிடாதிருக்க
இந்தப் பக்கத்துக்கு மட்டும்
இடமரை வெட்டியிருக்கிறார்கள்.
மூன்று நாளாக நான் கழற்றவில்லை,
இறுக்கிக்கொண்டிருந்தேன்.

குடும்ப நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எனக்கு.
பதினோரு வருடமாக
"நல்லதுக்குத்தானே சார் செஞ்சேன்" என்பதை
இரண்டு கோடுகளில் எழுதிவருகிறேன்.

எதிர்த்திசையில் அரைத் திருகு.
வந்தது.

நெல்லித்தோப்பில் கலிவரதன்
காயிலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இது தங்கம். பேரிங்தான் போச்சு."
இரண்டு மாற்றினார்.
யார் ஓட்டுவது என்றார், நான் என்றேன்.
"கண்ணாடி போட்டுக்குங்க."
அவ்வளவுதான் அவர் சொன்னது.
அதற்காகவே இன்னொரு மோட்டார் கெட்டாலும் அவரிடம் போவேன்.

பழைய கல்லை விரலில் தொங்கவிட்டு
திருப்புளியின் மரப்பிடியால் தட்டினேன்.
நல்ல கல் கணீரென்று பதில் சொல்லும்.
இது டப் என்றது.
விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது.
வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று
இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

தாங்குபலகையில் ஒரு பள்ளம்.
எத்தனையோ வருடம் யாரோ
ஒரே இடத்தில் இரும்பை வைத்து அழுத்தியிருக்கிறார்.
என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சேரவில்லை.
கல்லுக்கும் பலகைக்கும் இடைவெளி
மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால்
இரும்பை உள்ளே இழுக்கும்,
இரும்புக்குப் பின்னால் விரலை.
அரத்தால் ராவித் தட்டையாக்கினேன்.
அந்த ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.
அவருக்கும் விரல் இருந்தது.

புதுக்கல் மாட்டிய பிறகு
முதல் ஒரு நிமிடம் எதிரில் நிற்கக் கூடாது.
சுவரோரம் ஒதுங்கி சுவிட்சைத் தட்டினேன்.
உறுமியது, ஏறியது,
ஒரு சுருதியில் போய் நின்றது.
மேஜைமேல் டீத் தம்ளரில்
ஆடை கலையவில்லை.

முதலில் வைத்தது அந்த மூக்கறுந்த திருப்புளியை.
பொறி கொட்டிற்று, நைட்டியில் இரண்டு பொத்தல்.
அணைத்தேன்.

கல் நிற்கவில்லை.
கரண்ட் இல்லாமல், சத்தமே இல்லாமல்
தன் எடையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.
கைநீட்டித் தடுக்கத் தோன்றும், தடுக்கக் கூடாது.

மாடியிலிருந்து விக்டோரின்:
"அரைச்சாச்சா?"
"ஆச்சு. இன்னும் சுத்துது."